மைக்கைக் கீழ வையிலே பேராண்டி

ஏலே பேராண்டி, இங்க வா. இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னலே அது, சர்ட்டிபிகேட்டா? மூணு நாள் வாலிபர் முகாம், மூணு வேளைச் சோறு, கடைசி நாள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளு. நல்லாருக்கு. சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டிரு. ஆனா மாட்டிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருந்தியன்னா ஊருக்கு நல்லது.

முகாமுக்குப் போறதுக்கு முன்னால நீ எப்படி இருந்த? ரெண்டாவது பாட்டு முடியும்போதுதான் கோயிலுக்குள்ள நுழைவ. பிரசங்கத்துல பாதி நேரம் கொட்டாவி. இப்போ என்னடான்னா ஞாயித்துக்கெழம மணி அடிக்கதுக்கு முன்னாலயே வாசல்ல வந்து நிக்க. வாரவங்களைத் தலையிலருந்து கால் வரைக்கும் அளந்து பாக்க. மல்லிப்பூ வச்சிருந்த சித்தியக் கண்டிச்சாச்சு. டீக்கடையில தந்தி பேப்பர் படிச்ச ரிட்டயர்டு வாத்தியாரக் கண்டிச்சாச்சு. லீவுக்கு வந்த காலேஜ் புள்ள ஜீன்ஸ் போட்டிருந்தான்னு அவளையும் கண்டிச்சாச்சு. மத்தியானச் சோத்துக்கு முன்னாலயே இத்தன சோலி! நம்ம பாஸ்டர் ஐயருக்கு ரிட்டயர்டு ஆகப்போற வயசு. அவரே இன்னும் ஒத்தையாளையும் திருத்தி முடிச்ச பாட்டக் காணும்.

அதுலயும் நீ ஒரு முன்னுரை போடுத பாரு, "அன்புல சொல்லுதேன் பிரதர்"னு. அதைக் கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்குதுலே. என் வயசுக்குள்ள எத்தனயோ பேரு என்கிட்ட அப்படி ஆரம்பிச்சிருக்காவ. ஒருத்தராவது அதுக்குப் பொறவு நல்ல வார்த்த சொன்னாவளா? நெசமாவே அன்பா இருக்குறவன் எதுக்குலே அதை மொதல்லயே அறிவிக்கான்? கொம்மை சோறு போடும்போது "அன்புல போடுதேன்"னா சொல்லுதா?

போன செவ்வாக்கெழம வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவோம். நானும் அங்கதான் இருந்தேன். மூட்டுவலின்னு பிளாஸ்டிக் சேர் போட்டுக் குடுத்தாவ. நீங்கள்லாம் ஜமுக்காளத்துல. மேலத்தெருக் கொத்தனார் பொண்டாட்டியும் வந்திருந்தா, கடைசி வரிசையில கதவோரமா. நீ கண்ண இறுக மூடிக்கிட்டு ஆரம்பிச்ச. "ஆண்டவரே, மேலத்தெருவுல பச்சைக் கேட்டு போட்ட வீட்டுல சாராயப் பிசாசுக்கு அடிமையாக் கெடக்குற அந்தச் சகோதரனை..." ஏலே, மேலத்தெருவுல பச்சைக் கேட்டு ஒரே வீட்டுலதாம்லே இருக்கு! அவன் போன சனிக்கெழம சம்பளத்த எங்க வச்சுக் குடிச்சான், யாரு கைத்தாங்கலாக் கூட்டியாந்தா, பள்ளிக்கூட பீஸ் கட்டலைன்னு டீச்சர் என்ன சொன்னாவ, எல்லாத்தையும் வரிசையா ஒப்பிச்ச. ஆண்டவருக்கு விலாசம் தெரியாதுன்னு நினைச்சியோ? நீ பேசுனது பரலோகத்துக்கிட்டயா, ஜமுக்காளத்துக்கிட்டயா?

நீ கண்ண மூடியிருந்த. நான் மூடல. வயசாயிட்டுல்லா, பாதி ஜெபத்துல கண்ணு தானாத் தொறந்துக்கிடும். அந்தப் புள்ள முந்தானைய இழுத்துத் தலையில போட்டா. பொறவு நெத்தி வரைக்கும் இறக்குனா. நீ ஆமென் சொல்லுறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்குக் குடுத்த சுண்டல் பேப்பர் கப்போட அங்கனயே இருந்துச்சு. நீ கண்ணத் தொறந்ததும் நேரா உன் கப்பை எடுத்துத் தின்னுக்கிட்டு, "இன்னைக்கு நல்ல அபிஷேகம் தாத்தா"ங்க. சவத்த, என்னத்தச் சொல்ல!

சரி, நீ படிச்ச புள்ள. வேதத்துலயே காட்டுங்கன்னு நிப்ப. மத்தேயு 18ஆம் அதிகாரத்தத் தொறந்து பாரு. ஒருத்தன் தப்புப் பண்ணுனா மொதல்ல நீ தனியாப் போயி அவன்கிட்ட மட்டும் சொல்லணும். கேக்கலைன்னா ஒண்ணு ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போவணும். அதுக்கும் மசியலைன்னாத்தான் சபைக்குச் சொல்லணும். அந்தச் சங்கதிய நீ எப்படிச் செய்யுத? மொதல்ல சபைக்குச் சொல்லிருத. பொறவு ஒண்ணு ரெண்டு பேருகிட்ட டீக்கடையில வச்சு விளக்கம் குடுக்க. கடைசியில அவன் வெட்டருவாளோட தேடி வரும்போதுதான் தனியாப் பேசுதது நடக்கு. தலைகீழாப் படிச்சிட்டியா, இல்ல முகாமுல புஸ்தகத்தையே தலைகீழாப் புடிச்சுக் காட்டுனாவளா?

அதே வேதத்துல, எபேசுல அப்பொல்லோன்னு ஒருத்தரு. பெரிய பேச்சாளி, வேதத்துல கரைகண்டவரு. ஆனா யோவான் குடுத்த ஞானஸ்நானம் வரைக்குந்தான் தெரியும், அதுக்கு மேல தெரியாது. ஜெப ஆலயத்துல வெளுத்து வாங்குதாரு. அதை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் உக்காந்து கேட்டாவ. ரெண்டு பேரும் கூடாரம் தைக்கிற சோலிக்காரங்க. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? பிரசங்கம் முடியுறதுக்குள்ள "கள்ள உபதேசம், உஷார்"னு ஸ்டேட்டஸ் வச்சிருப்ப. அவுக ரெண்டு பேரும் அவரத் தங்ககிட்டச் சேத்துக்கிட்டுத் தெரியாததைப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாவ. வீட்டுல சாப்பாடும் போட்டிருப்பாவன்னு வையி, அது என் யூகம். அவ்வளவுதான். பொறவு அந்த மனுசன் அக்காயாவுக்குப் போயி எத்தன பேருக்கு ஒத்தாசையா இருந்தாருன்னு அடுத்த வசனத்துலயே இருக்கு. கூட்டத்துல வச்சு மூக்க உடைச்சிருந்தா அவரு அக்காயாவுக்கா போயிருப்பாரு? கோவத்துல தனிச் சபை ஆரம்பிச்சிருப்பாரு. நம்ம ஊருல ஒரு தெருவுக்கு எத்தன போர்டு தொங்குதுன்னு எண்ணிப் பாரு, எத்தன பேரு மூக்கு உடைஞ்சிருக்குன்னு தெரியும்.

இது விசுவாசிகளுக்குள்ள இருக்குற கூத்து. வெளியாளுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனா நீ இன்னும் ஒரு படி மேல. சுடலைமாடன் கோயில் கொடை அன்னைக்கு, வில்லுப்பாட்டு நடக்குற நேரத்துல கைப்பிரதி குடுக்கப் போனியாமே? அடி வாங்காம வந்தது அவுக பெருந்தன்மை. பக்கத்து வீட்டு ஆச்சி புள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொண்டாந்தா. வாசல்லயே நிப்பாட்டி விக்கிரகத்துக்குப் படைச்சதத் தின்னலாமான்னு அரமணி நேரம் வகுப்பு எடுத்திருக்க. வேண்டாம்னா வேண்டாம், உன் மனசாட்சி. கும்பிட்டு "வேண்டாம் ஆச்சி"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? நீ பொறந்தப்போ கொம்மை காய்ச்சல் வந்து கெடந்தா. உன்ன மடியில போட்டுக் கால் நீட்டிக் குளிப்பாட்டுனது யாருன்னு நினைக்க? அந்த ஆச்சிதாம்லே.

வெளியாளுக்குச் சொல்லப் போன ஒருத்தர் கதையக் கேளு. தரங்கம்பாடியில 1706ல சீகன்பால்க் வந்து எறங்குனாரு. ஜெர்மனிக்காரரு, 25 வயசு நிறையல. உபதேசம் பண்ணத்தான் வந்தாரு. ஆனா மொதல்ல என்ன செஞ்சாரு தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பயலுவ கூட உக்காந்து மணல்ல விரல வச்சு அ, ஆ எழுதுனாரு. துரை மணல்ல எழுதுததப் பாத்துப் பயலுவ சிரிச்சிருப்பானுவளா மாட்டானுவளா? அப்படிப் படிச்ச தமிழ்லதான் புதிய ஏற்பாட்ட மொழிபெயர்த்தாரு, 1715ல அது அச்சாகி முடிஞ்சுச்சு. அதுக்கு நடுவுல இங்க உள்ளவங்க எந்தச் சாமியக் கும்புடுதாவ, ஏன் கும்புடுதாவன்னு ஒவ்வொருத்தர்கிட்டயாக் கேட்டு, தென்னிந்தியத் தெய்வங்களோட வம்சாவளின்னு 1713ல பெரிய புஸ்தகமே எழுதிட்டாரு. அவருக்கும் அந்த வழிபாடு தப்புன்னுதான் எண்ணம், அதுல ஒளிவு மறைவு கிடையாது. ஆனா தப்புன்னு சொல்லுறதுக்கு முன்னால அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. அதை ஊருக்கு அனுப்புனா, ஜெர்மனியில ஹல்லேங்கிற ஊருல இருந்த மிஷன் பெரியவுக முகஞ்சுளிச்சுட்டாவ. அஞ்ஞானத்த வேரறுக்கத்தான் ஆள் அனுப்புனோம், ஐரோப்பாவுல பரப்புததுக்கில்லன்னுட்டாவ. 1867ல சென்னையிலதான் அது அச்சேறுச்சு. எழுதுனவரு செத்து கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷம் ஓடிப்போச்சு. ஹல்லேயில உக்காந்திருந்தவுக ஒருத்தருக்காவது சுடலைமாடன் யாரு, ஐயனார் யாருன்னு தெரிஞ்சிருக்குமா? தெரியாதவனுக்குத்தான் எப்பவும் கோவம் சீக்கிரம் வருது.

உன் பூட்டன் பனையேறி. பாளையில எப்படிப் பயினி எறக்குவாருன்னு பாத்திருக்கியா? இல்ல, உனக்குப் பாக்கெட்டுல வந்தாத்தான் தெரியும். பாளைய எடுத்தவுடனே அருவாள வைக்க மாட்டாரு. கடிப்ப வச்சு அதைப் பைய இடுக்கி இடுக்கி நெகிழ்த்துவாரு. ஒரு நாள்ல முடியுற காரியம் இல்ல. தினம் ஏறணும், தினம் எறங்கணும். பாளை எளகுனதுக்குப் பொறவுதான் நுனியில மெல்லிசா ஒரு சீவு. அதுவும் வெத்தல மொத்தத்துக்குத்தான். மறுநாள் இன்னொரு சீவு. சுண்ணாம்பு தடவுன கலயத்தக் கட்டிட்டு எறங்கிருவாரு. ஆத்திரப்பட்டு ஒரேயடியா வெட்டுனா பாளையும் போச்சு, பயினியும் போச்சு. அருவா கூர்மையா இருக்கணுமா? கட்டாயம் இருக்கணும். மொட்டை அருவா பாளையக் கிழிச்சிரும். நீ அருவாளத் தீட்டத்தான் படிச்சிருக்க. மரம் ஏற இன்னும் படிக்கல.

ஆங், இப்போ உன் மூஞ்சியில ஒரு சிரிப்பு வருதே. "அப்போ எதையும் கண்டிக்காம அன்பு அன்புன்னு போயிரலாமா தாத்தா?" அப்படித்தானே கேக்கப் போற? இருலே. அந்தக் கூட்டத்தையும் எனக்குத் தெரியும்.

நம்ம சேகரத்துல இல்ல, வேற ஒரு ஊருல, பேரு வேண்டாம், ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. வட்டிக்கு விடுவாரு. நூத்துக்குப் பத்து, மாச வட்டி. அசனப் பண்டிகைக்கு அரிசியும் கெடாயும் அவரு உபயம். கோயில் முகப்புல கல்வெட்டுல பேரு. அவருகிட்டக் கடன் வாங்கி வீட்ட இழந்தவனும் அதே பந்தியில உக்காந்து அந்தக் கறிய முழுங்குவான். அங்க இருந்த ஐயரு வருஷா வருஷம் அன்பப் பத்தியே பிரசங்கம் பண்ணுவாரு. ஏன் வட்டியப் பத்தி ஒரு வார்த்த சொல்லலைன்னு கேட்டா, "நியாயந்தீர்க்க நாம யாரு"ம்பாரு. அதுக்குப் பேரு அன்பாலே? அது கெடாக்கறி. திருவள்ளுவர் கிறிஸ்தவர் இல்ல, அவருக்கே தெரிஞ்சிருக்கு, சிரிச்சுப் பேசுததுக்கு மட்டும் இல்ல சிநேகம், எல்லை மீறும்போது முன்னால போயி இடிச்சுச் சொல்லுததுக்குத்தான்னு.

பாளையங்கோட்டையில பாப்பாத்தியம்மா கோயில் இருக்குல்லா? அதைக் கட்டுனது கிளாரிந்தா அம்மா. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணக் கைம்பெண். லிட்டில்டன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி கூட இருந்தாவ. அவருதான் வேதத்தச் சொல்லிக் குடுத்தாரு, ஆனா முறையாக் கல்யாணம் முடிக்கல. அந்தம்மா மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர்கிட்ட ஞானஸ்நானம் கேட்டாவ. இப்படி இருக்கையில குடுக்க முடியாதுன்னு நேராச் சொல்லிட்டாரு. பெரிய எடத்துச் சகவாசம், ஆபீசர் வீடுன்னு வளைஞ்சு குடுக்கல. ஆனா அதைத் தெருவுல வச்சுக் கூவவும் இல்ல, கதவ அடைச்சுத் தாழ்ப்பாள் போடவும் இல்ல. அந்த அதிகாரி செத்த பொறவு 1778ல பாளையங்கோட்டைக்கு வந்தப்போ அதே கையால ஞானஸ்நானம் குடுத்தாரு. அவமானப்படுத்தி அனுப்பியிருந்தா அந்தம்மா திரும்பக் கேட்டிருப்பாவளா? 1785ல அந்தம்மா முயற்சியிலதான் கோயில் எழும்புச்சு. திருநெல்வேலிச் சீமையில நம்ம புரோட்டஸ்டண்ட் சபையோட ஆரம்பத்துல அந்தம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டுலே. மாட்டேன்னு சொன்னவரும் அவருதான், காத்திருந்தவரும் அவருதான். நீ மாட்டேன்னு மட்டும் சொல்லுத. மத்தவுக காத்துக்கிட்டே இருக்காவ. ரெண்டையும் ஒரே ஆளு செய்யணும்னா முதுகெலும்பும் வேணும், நாக்குல ஈரமும் வேணும்.

அடுத்து என்ன எடுத்து வீசுவன்னு எனக்குத் தெரியும். கலாத்தியர். "பவுலு எல்லாருக்கும் முன்னால பேதுருவ எதுத்து நின்னாருல்லா?" நின்னாரு. யார எதுத்து? பேதுருவ. அப்போஸ்தலரு, சபையில தூணு. பவுலு பூ வச்சவ கிட்டப் போயி நிக்கல. எதுக்காக நின்னாரு? அந்தியோகியாவுல யூதர் இல்லாதவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த பேதுரு, எருசலேம்லருந்து ஆளு வந்ததும் பைய நகந்து தனிப்பந்திக்குப் போயிட்டாரு. தனிப்பந்தி! காதுல விழுதா? பகிரங்கமாப் பண்ணுன தப்பு, பெரிய மனுசன் பண்ணுன தப்பு, எளியவன எச்சில் எலைக்குத் தள்ளுற தப்பு. அதுக்குத்தான் பகிரங்கமாக் கேட்டாரு. நீ அந்த வசனத்தத் தூக்கிக்கிட்டு மல்லிப்பூவுக்குப் போற.

உனக்குக் கண்டிக்கத்தான் ஆசைன்னா அந்தத் தனிப்பந்தி இருக்குற எடத்துக்குப் போயேன். 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி கூடாது, உடனே விடணும்னு கடுதாசி போட்டாரு. தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் கூட்டங்கூட்டமாக் கோயில விட்டு வெளிய போனாவ. கடுதாசியில சொன்ன விசயம் நூத்துக்கு நூறு சரி. கல்கத்தாவுலருந்து ஒத்தக் கடுதாசியில மாறிருமான்னா, மாறல. அதுக்காகச் சும்மா இருந்திருக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். சும்மா இருந்தவுகளாலயும் மாறல. இன்னைக்கும் பொண்ணு பாக்கப் போனா மொதல் கேள்வி என்ன? ஞானஸ்நானம் எப்போ எடுத்தான்னா கேக்காவ? கல்லறத் தோட்டத்துல சில ஊருல இன்னும் செவுரு நிக்குது. செத்தவனுக்கு நடுவுல செவுரு எதுக்குலே? கல்யாணப் பந்தல்ல நூறு பவுன எண்ணி வாங்கிட்டு, அடுத்த நாள் ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு கழுத்துல நகை ஏதுன்னு கேக்குற சபையும் இருக்கு. இதெல்லாம் உன் கண்ணுல படல. சித்தி தலையில இருந்த ஒரு முழம் பூ பட்டுட்டு. அடிக்கிற கைதான் அணைக்கும்பாவ பெரியவுக. உன் கை ஏன் மக்கா எப்பவும் எளைச்சவன் முதுகாத் தேடிப் போகுது?

தாவீது ராசாகிட்ட நாத்தான் போனாரே, ஞாபகம் இருக்கா? போன எடம் அரமனை. தல போயிரும். அதனால ஆட்டுக்குட்டிக் கத சொன்னாரு. ராசாவையே தீர்ப்புச் சொல்ல வச்சு, பொறவுதான் "அந்த ஆளு நீருதான்"னு போட்டாரு. அவரு வாயத் தொறக்கும்போது உசுரு கையில இருந்துச்சு. நீ கண்டிச்சதுல உனக்கு என்ன நட்டம்? நாலு லைக்கு கெடைச்சிருக்கும். திருத்தும்போது உனக்கு உள்ளுக்குள்ள இனிக்குதுன்னு வையி, அந்தச் சோலிய அன்னைக்கு விட்ரு. வயித்த வலிச்சு, ராத்திரி தூக்கம் வராம, ஐயோ நான்தான் போவணுமான்னு இருந்தா, அப்போ போ.

இன்னொண்ணு பாரு. பேதுரு மூணு தரம் மறுதலிச்சாரு. அதைவிடப் பெரிய தப்பு உண்டா? உயிர்த்தெழுந்த ஆண்டவரு கடக்கரையில அவரப் பாக்காரு. பாத்ததும் கேட்டாரா? கரிநெருப்பு மூட்டி, மீன வச்சு, அப்பமும் வச்சு, ராத்திரியெல்லாம் வலை வீசிக் களைச்சு வந்தவங்களச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாரு. மீன் தின்னு முடிஞ்ச பொறவுதான் கேள்வி. அதுவும் "ஏன் மறுதலிச்ச"ன்னு இல்ல, "என் மேல அன்பு இருக்கா"ன்னு. விட்டாரான்னா விடல. மூணு தரம் கேட்டாரு. மூணாவது தரம் பேதுருவுக்கு மனசு நொந்துபோச்சு. நோகாமத் திருத்த முடியாது மக்கா. ஆனா நொந்தவன் கையில உடனே ஒரு வேலையக் குடுத்தாரு பாரு, ஆட்ட மேய்க்கிற வேல. மந்தையில நிறுத்தி முட்டி போடச் சொல்லல.

அதனால நான் ஒரே ஒரு கணக்குத்தான் வச்சிருக்கேன். ஒருத்தன ஏசிட்டு மறுநாள் அவன் வீட்டுத் திண்ணையில போயி உன்னால உக்கார முடியுமா? அவன் பொண்டாட்டி உனக்குத் தண்ணி மோந்து தருவாளா? தருவான்னா பேசு, எவ்வளவு கடுமையா வேணும்னாலும் பேசு. இல்லைன்னா நீ அவனத் திருத்தல, உன் வயித்தெரிச்சல எறக்கி வைக்க.

இப்போ எந்திரி. கொத்தனார் வீட்டுக்குப் போ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா ஆளு கெடைக்க மாட்டான், காலையிலயே போயிரு. கைப்பிரதி வேண்டாம். சர்ட்டிபிகேட்டும் வேண்டாம். அந்தப் புள்ளகிட்ட மொதல்ல மன்னிப்புக் கேளு, ஜெபத்துல கேக்காத, வாயால கேளு. பய பள்ளிக்கூட பீஸ்ல எவ்வளவு பாக்கின்னு விசாரி. நம்ம கோழிக்கூட்டுக்குப் பின்னால செவுரு இடிஞ்சு கெடக்குல்லா, அதைப் பூச அவனக் கூப்பிடு, நீ சித்தாளா நின்னு செங்கல் எடுத்துக் குடு. ஒரு வாரத்துக்குக் குடியப் பத்தி மூச்சு விடாத. பொறவு ஒருநாள் ரெண்டு பேரும் மட்டும் இருக்கும்போது கேளு, நேராக் கேளு, பூசி மெழுகாத.

காப்பி குடுத்தா வாங்கிக் குடி. சீனி கூடிப்போயிருந்தா அதையும் திருத்திக்கிட்டு நிக்காதலே, கோட்டிக்காரப் பயலே.